சிவப்பு மையில் எழுதிய ஒரு வரி

2014 அக்டோபர், காலாண்டு விடுமுறை முடிந்த முதல் வாரம். பத்தாம் வகுப்புக்குத் தமிழ் இரண்டாம் தாளைத் திருத்திக் கொடுத்துக்கொண்டிருந்தேன். தாமிரபரணிப் பாசனத்தில் இருக்கும் ஊர் எங்கள் ஊர். வகுப்பில் 42 பேர். பேப்பரை வாங்கிக்கொண்டு இடத்துக்குப் போன ஒரு மாணவி கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தாள். கையில் இரண்டு விடைத்தாள்கள். ஒன்று அவளுடையது, இன்னொன்று கடைசிக்கு முந்தின பெஞ்சில் உட்காரும் ஒரு பையனுடையது.

"டீச்சர், ரெண்டு பேருமே மரம் வளர்ப்பு கட்டுரைதான் எழுதியிருக்கோம். அவன் என்னைவிட கூடவே எழுதியிருக்கான். எனக்கு 7 போட்டிருக்கீங்க, அவனுக்கு 4 போட்டிருக்கீங்க. ஏதும் மாறிப்போச்சா டீச்சர்?"

அவள் குறை சொல்ல வரவில்லை. நான் கவனப்பிசகாகப் போட்டிருப்பேன் என்றுதான் நினைத்தாள். இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். அவன் பனைமரத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தான். பனையை வெட்டினால் அதன் நிழலில் நின்ற ஆடுதான் முதலில் கத்தும் என்று ஒரு வரி. அந்த வரிக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் என் கையெழுத்து: "யாரைப் பார்த்து எழுதினாய்?"

அவளுடைய தாளிலும் ஒரு நல்ல வரி இருந்தது. அதன் ஓரத்தில் "அருமை" என்று எழுதியிருந்தேன்.

அவன் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், காலனியிலிருந்து வருபவன். அவள் அப்பாவுக்கு வங்கியில் வேலை. திருத்தும்போது இதையெல்லாம் நான் நினைக்கவே இல்லை. இன்றைக்கும் சத்தியமாகச் சொல்வேன், நினைக்கவில்லை. அதுதான் என்னை இத்தனை வருடம் யோசிக்க வைத்தது. மனதில் ஒன்றும் இல்லாமல் கை எப்படி அந்த வரியை எழுதியது?

அன்று அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "நானாத்தான் டீச்சர் எழுதினேன்" என்று தரையைப் பார்த்துச் சொன்னான். "அப்ப இதைப் பார்த்ததும் ஏன் என்கிட்ட கேக்கல?" என்றேன். பதில் இல்லை. கேள்வி எவ்வளவு அபத்தமானது என்று அப்புறம்தான் உறைத்தது. கேட்டால் பலன் இருக்கும் என்று நம்புகிறவர்கள்தான் கேட்பார்கள். அந்த மாணவிக்கு அந்த நம்பிக்கை இருந்தது, அவனுக்காகவும் சேர்த்துக் கேட்டாள்.

மறுநாள் மதிப்பெண்ணைத் திருத்தித் தருகிறேன், பேப்பரைக் கொண்டு வா என்றேன். "கிழிச்சிட்டேன் டீச்சர்" என்றான். பெற்றோர் கையெழுத்து வாங்கி வர வேண்டிய பேப்பர் அது. அவன் அம்மாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். அந்தச் சிவப்பு வரியை அவர் படிக்கக் கூடாது என்று கிழித்திருக்கிறான். பதிவேட்டில் 4ஐ அடித்து 8 என்று மாற்றினேன். அது சுலபமான வேலை.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் எனக்காக நானே வாதாடினேன். நான் சாதி பார்க்கிறவள் இல்லை. என் தோழிகளில் எல்லாரும் உண்டு. வகுப்பில் எந்தப் பிள்ளையையும் ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னதில்லை. எல்லாம் உண்மைதான். அந்த வரியும் உண்மை.

மூன்றாம் நாள் இரவு, சின்ன வயதில் எங்கள் வீட்டுப் புறவாசல் ஞாபகத்துக்கு வந்தது. வயலில் களையெடுக்க வருகிறவர்களுக்கு மதியம் ஆச்சி மோர் கொடுப்பாள். அவர்கள் இரண்டு கையையும் குவித்துக் குனிந்து நிற்பார்கள். செம்பை உயரத் தூக்கி, விளிம்பு கையில் படாமல், நூல் பிடித்த மாதிரி ஊற்ற வேண்டும். எனக்கு ஏழெட்டு வயதில் அந்த வேலை வந்தது. முதலில் சிந்தினேன், அப்புறம் பழகிவிட்டது. "பிள்ள ஒரு சொட்டு சிந்தாம ஊத்துதா பாரு" என்று ஆச்சி எல்லாரிடமும் சொல்வாள். எனக்குப் பெருமையாக இருக்கும். என் அம்மா வயதுப் பெண்களை நான் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன், அவர்கள் என்னை "தாயி" என்பார்கள். இதில் யாரும் எனக்கு வெறுப்பைச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆச்சி அவர்களைத் திட்டியதே இல்லை, நல்ல நாளுக்குத் துணி எடுத்துக் கொடுப்பாள். ஒரு கைவேலையாகத்தான் எனக்கு அது வந்தது. கோலம் போடுவது எப்படி வந்ததோ அப்படி.

நம்மில் முக்கால்வாசிப் பேர் ஏமாறுவது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். நெஞ்சில் வெறுப்பு இருக்கிறதா என்று தேடிப் பார்க்கிறோம், கிடைக்கவில்லை, நான் சுத்தம் என்று முடிவு செய்துகொள்கிறோம். பழக்கம் தேடின இடத்தில் இருக்காது.

என் மகள் கல்லூரியில் உளவியல் எடுத்த பிறகு அவள் புத்தகங்களை நானும் படிக்க ஆரம்பித்தேன். பி.எட். படித்தபோது உளவியல் தாளுக்காக மனப்பாடம் செய்த பெயர்கள் சில அதில் இருந்தன. இந்த முறை எனக்காகப் படித்தேன். அதில் ஹென்றி தாஜ்ஃபெல் என்ற உளவியலாளர் என்னை ரொம்பப் பாதித்தார். போலந்தில் பிறந்த யூதர். இரண்டாம் உலகப் போரில் பிரெஞ்சுப் படையில் சேர்ந்து, ஜெர்மானியர்களிடம் கைதியாக இருந்து திரும்பியபோது அவர் குடும்பத்தில் அநேகமாக எல்லாரும் கொல்லப்பட்டிருந்தார்கள். மனிதர்கள் ஏன் இப்படி அணி பிரிகிறார்கள் என்று வாழ்நாள் முழுக்கக் கேட்டவர். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் 14, 15 வயதுப் பையன்களை வைத்து அவர் செய்த சோதனை 1970ல் வெளியானது. திரையில் புள்ளிகளைக் காட்டி எத்தனை என்று கேட்டார்கள். அப்புறம் நீ கூடுதலாகச் சொல்கிற கூட்டம், நீ குறைவாகச் சொல்கிற கூட்டம் என்று பிரித்தார்கள். உண்மையில் குருட்டாம்போக்கில் பிரித்ததுதான். யார் யார் தன் கூட்டம் என்றுகூடப் பையன்களுக்குத் தெரியாது. பிறகு மற்றவர்களுக்குக் காசு பங்கிடச் சொன்னபோது, பெரும்பாலானோர் தன் கூட்டத்துக்குக் கூடக் கொடுத்தார்கள். தனக்கு ஒரு பைசா லாபம் இல்லாத இடத்திலும்.

அரை மணி நேரத்துப் பெயருக்கே இப்படி என்றால், பிறந்ததிலிருந்து தெருவிலும் கோயிலிலும் குழாயடியிலும் சொல்லிக்கொடுக்கப்பட்ட பெயருக்கு என்ன ஆகும்? எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் பையன்கள் சாதியைக் காட்டக் கையில் கட்டி வரும் வண்ணக் கயிறுகளைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சோதனையை விளக்கவே வேண்டாம்.

இன்னொரு ஆய்வு நேராக என் மேசைக்கே வந்தது. ரேமா ஹன்னா, லீ லிண்டன் என்ற இரண்டு பொருளியலாளர்கள் இந்தியாவில் செய்தது, 2012ல் வெளியானது. மாணவர்கள் எழுதிய விடைத்தாள்களை எடுத்து, முகப்பில் வயது, ஆண் பெண், சாதி விவரங்களைக் குலுக்கிப் போட்டு ஒட்டி ஆசிரியர்களிடம் கொடுத்தார்கள். தாளுக்கும் முகப்புக்கும் சம்பந்தமே இல்லை. அப்படியும், தாழ்த்தப்பட்ட சாதி என்று முகப்பில் இருந்த தாள்களுக்குச் சராசரியாகக் கொஞ்சம் குறைவான மதிப்பெண் விழுந்தது. வேறுபாடு சின்னதுதான், ஆனால் இருந்தது. இரண்டு விஷயம் என்னை உலுக்கியது. ஒன்று, திருத்தும்போது முதலில் வரும் தாள்களில்தான் இந்த வேறுபாடு அதிகம். இன்ன பதிலுக்கு இத்தனை என்று மனதில் அளவு படியும் வரை, தாளில் இல்லாத விஷயங்களை வைத்து நாம் நிரப்பிக்கொள்கிறோம். இரண்டாவது, இந்தக் குறைப்பு முக்கியமாகத் தாழ்த்தப்பட்ட சாதி ஆசிரியர்களிடம்தான் தெரிந்தது. இதைப் படித்துவிட்டு, அப்போ எங்கள் ஆட்கள்மேல் தப்பில்லை என்று யாராவது நிம்மதி அடைந்தால் அது பெரிய பிழை. ஒரு சமூகம் ஒருவனைப் பற்றி என்ன நினைக்கிறது என்பது அவனுக்குள்ளேயும் போய் உட்கார்ந்துவிடுகிறது. எனக்கு இது பயத்தைத்தான் கொடுத்தது.

சரி, நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்கிறேன். இதில் சில பலித்தன, சில பலிக்கவில்லை.

முதலில் திருத்தும் முறையை மாற்றினேன். பொதுத்தேர்வில் பெயரும் பள்ளியும் தெரியாமல்தான் விடைத்தாள் திருத்தும் முகாமுக்குத் தாள் வருகிறது. அதே மாதிரி பெயருக்குப் பதிலாக ஒரு டம்மி நம்பரை வகுப்புத் தேர்வுக்கும் கொண்டுவந்தேன். கணக்கு சாரிடம் ஒரு பட்டியல் இருக்கும், பிள்ளைகள் தாளில் எண் மட்டும் எழுதுவார்கள். திருத்தி முடித்த பிறகுதான் பட்டியலை வாங்குவேன். இதில் ஒரு சிக்கல் உண்டு. நான்கு மாதம் போனால் எல்லாப் பிள்ளைகளின் கையெழுத்தும் நமக்கு அத்துபடி. பெயரை மறைத்தாலும் எழுத்து முகம் காட்டும். அதனால் இன்னொன்றும் சேர்த்தேன். ஒரு பேப்பரை முழுக்கத் திருத்தாமல், 42 பேருக்கும் முதல் நெடுவினா, அப்புறம் 42 பேருக்கும் இரண்டாவது என்று போவது. ஒவ்வொரு கேள்வி முடிந்ததும் கட்டைக் கலைத்து அடுக்குவது. முதலில் திருத்திய பத்துத் தாளைக் கடைசியில் மறுபடி ஒரு தடவை பார்ப்பது. கட்டுரைக்கு இத்தனை, எடுத்துக்காட்டுக்கு இத்தனை, பிழைக்கு இத்தனை கழிவு என்று தனித்தாளில் எழுதி மேசையில் ஒட்டிக்கொள்வது. நேரம் ஒன்றரை மடங்கு ஆகும். நான் சொல்வேன், இதில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் கேள்வி கேள்வியாகத் திருத்துங்கள். பெயரை மறைப்பதைவிட எனக்கு அதுதான் அதிகம் உதவியது.

இரண்டாவது, ஒரு பாட வேளையைச் செல்போனில் பதிவு செய்தேன். என் குரலுக்காக மட்டும். மேசை டிராயரில் போனை வைத்துவிட்டு வழக்கம்போல் பாடம் நடத்தினேன். ராத்திரி சமையலறையில் உட்கார்ந்து கேட்டேன். முன்பெஞ்சுப் பிள்ளை ஒருத்தி பதிலில் தடுமாறுகிறாள். நான் காத்திருக்கிறேன், "ம்... சொல்லு, முதல் எழுத்து க" என்று எடுத்துக் கொடுக்கிறேன், அவள் சொல்லிவிடுகிறாள், நான் பாராட்டுகிறேன். கொஞ்சம் கழித்துப் பின்னால் ஒருவனை எழுப்புகிறேன். இரண்டு நொடி. "உட்காரு." அடுத்தவன். "உட்காரு." கோபமே இல்லாத குரல். அவமானப்படுத்தக் கூடாது என்ற நல்லெண்ணத்தில்தான் சீக்கிரம் உட்கார வைத்திருக்கிறேன். ஆனால் அந்தப் பையன் கேட்டது என்ன? உன்னிடம் பதில் இருக்காது என்பதுதான்.

அமெரிக்காவில் ராபர்ட் ரோசன்தால், லெனோர் ஜேக்கப்சன் இருவரும் 1968ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. குலுக்கல் முறையில் சில பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, இவர்கள் இந்த வருடம் நன்றாக வளர்வார்கள் என்று ஆசிரியர்களிடம் சொல்லிவைத்தார்கள். வருட முடிவில் அந்தப் பிள்ளைகள், முக்கியமாகச் சின்ன வகுப்புகளில், மற்றவர்களைவிட முன்னேறியிருந்தார்கள் என்பது அவர்கள் சொன்னது. எவ்வளவு தூரம் உண்மை என்று அதைப் பற்றிப் பிறகு நிறைய வாதம் நடந்தது. எனக்கு அந்த வாதம் தேவைப்படவில்லை. எதிர்பார்ப்பு வகுப்பறையில் எந்த வழியாக இறங்குகிறது என்பதை என் குரலிலேயே கேட்டுவிட்டேன். அன்றிலிருந்து யாரை எழுப்பினாலும் மனதுக்குள் ஐந்து வரை எண்ணிவிட்டுத்தான் வாயைத் திறப்பேன். முதல் எழுத்தை எடுத்துக் கொடுப்பது எல்லாருக்கும், அல்லது ஒருவருக்கும் இல்லை.

மூன்றாவது ஒரு நோட்டு. 42 பெயரையும் எழுதி, ஒவ்வொருவரைப் பற்றியும் மதிப்பெண், தெரு, அப்பா தொழில் மூன்றையும் விட்டுவிட்டு ஒரு வரி எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். கபடியில் காலைப் பிடிப்பான், இடது கைப் பழக்கம், தம்பியைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிறுத்தத்தில் நிற்பாள், இந்த மாதிரி. பதினொரு பேருக்கு எழுத ஒன்றுமே இல்லை. ஒன்றரை வருடமாக என் வகுப்பில் இருக்கும் பிள்ளைகள். பதினொன்றில் எட்டு பேர் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். ஒரு ஆளைத் தனி ஆளாகத் தெரியாதபோதுதான் அவனுடைய கூட்டத்தைப் பற்றி ஏற்கெனவே கேட்டதை எடுத்து அவன்மேல் போடுகிறோம். அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் பட்ரீஷியா டிவைன், பாரபட்சத்தை ஒரு கெட்ட பழக்கம் என்று வைத்துக்கொண்டு, அதை உடைக்கும் பயிற்சி ஒன்றைக் கொடுத்து 12 வாரம் சோதித்தார். அதில் ஒரு அங்கம் இதேதான், எதிரே இருப்பவரைப் பற்றித் தனிப்பட்ட விவரம் தேடுவது. நோட்டின் பதினொரு வரியையும் நிரப்ப எனக்கு ஒரு மாதம் ஆனது. அந்தப் பனைமரப் பையன் சாயங்காலம் கிளை நூலகம் மூடும் வரை அங்கேதான் இருப்பான் என்பது அப்போதுதான் தெரிந்தது.

இங்கே நான் செய்த பெரிய தப்பு ஒன்றையும் சொல்ல வேண்டும். குற்ற உணர்ச்சியில் அவனை அளவுக்கு மீறிப் பாராட்ட ஆரம்பித்தேன். சாதாரணமாக எழுதினாலும் "அருமை", எல்லாப் போட்டிக்கும் அவன் பெயர். அரையாண்டு முடிந்து ஒருநாள் பேப்பரோடு வந்தான். "இதுல ரெண்டு மார்க் கூட இருக்கு டீச்சர். பாவம்னு போடாதீங்க." குரலில் மரியாதை குறையவே இல்லை. எனக்கு முகம் சுருங்கிவிட்டது. இரக்கப்பட்டுப் போட்ட மதிப்பெண்ணும் அவனை மேலேயிருந்து பார்த்துப் போட்டதுதான். அவனுக்கு வேண்டியது மற்றவர்களுக்கு வைக்கும் அதே அளவுகோல். அன்றைக்குத்தான் அந்தச் சிவப்பு வரிக்காக அவனிடம் வாய் விட்டு மன்னிப்புக் கேட்டேன். "சரி டீச்சர்" என்று மட்டும் சொன்னான். மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கட்டாயமும் அவனுக்கு இல்லை.

அடுத்தது உதவித்தொகைப் படிவம். எத்தனையோ வருடமாக எங்கள் வகுப்புகளில் நடந்தது இதுதான். அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வரும். பாடத்தை நிறுத்திவிட்டு, "எஸ்.சி. பிள்ளைகள் எல்லாம் எழுந்திரிங்க, சாதிச் சான்றிதழ் யார் இன்னும் கொண்டுவரல?" என்போம். வேலை சீக்கிரம் முடியும். எழுந்து நிற்கிற பிள்ளையின் முகத்தை யாரும் பார்த்ததில்லை, நானும்தான். கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இருவர் உத்தரப்பிரதேசக் கிராமங்களில் ஆறாம், ஏழாம் வகுப்புப் பையன்களுக்குப் புதிர் வழிப் படங்களைக் கொடுத்துச் சோதித்தார்கள். சாதியைச் சொல்லாமல் விட்டபோது தாழ்த்தப்பட்ட சாதிப் பையன்களும் மற்றவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் தீர்த்தார்கள். எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது ஒவ்வொருவரின் சாதியையும் வாய் விட்டுச் சொன்ன பிறகு, தாழ்த்தப்பட்ட சாதிப் பையன்கள் தீர்த்த எண்ணிக்கை கணிசமாக விழுந்தது. மூளை மாறவில்லை, படம் மாறவில்லை. சொன்ன ஒரு சொல்.

இதைப் படித்த அன்றைக்கே தலைமை ஆசிரியரிடம் போய்ப் பேசினேன். இப்போது எங்களிடம் சீட்டு முறை. எல்லாப் பிள்ளைகளுக்கும் மடித்த ஒரு சீட்டு போகும், அவரவர் கொண்டுவர வேண்டியது அதில் இருக்கும். யாருக்கு எதற்கு என்று அடுத்தவனுக்குத் தெரியாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனையும் அவன் தங்கையையும் உடன் படிக்கும் மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவை வைத்து அரசு ஒருநபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் வந்த அதன் அறிக்கையில், வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது, வகுப்பில் சாதியைச் சொல்லி மாணவர்களைக் கூப்பிடக் கூடாது என்பதெல்லாம் இருக்கிறது. படித்தபோது எனக்கு அழுகை வந்தது. அந்தப் பிள்ளைகள் இருவரும் ரத்தத்தில் கிடந்த பிறகுதான் இதை ஒருவர் எழுதிச் சொல்ல வேண்டியிருந்தது.

கலந்து பழகினால் சரியாகிவிடும் என்று எல்லாரும் சொல்வார்கள். நானும் அதை நம்பி முதலில் ஏமாந்தேன். இடத்தை மாற்றிக் கலந்து உட்கார வைத்தேன். பெஞ்சில் கலந்தார்கள், சாப்பாட்டு மணி அடித்ததும் தெருவாரியாகப் பிரிந்தார்கள். கபடியில் நிலைமை இன்னும் மோசம். தெருவுக்கு ஒரு அணி, அதனால் ஒவ்வொரு ஆட்டமும் தெருச் சண்டை. கார்டன் ஆல்போர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954லேயே இதைச் சொல்லியிருக்கிறார். வெறுமனே சந்திப்பது போதாது. சமமான நிலையில் சந்திக்க வேண்டும், ஒரே இலக்கு வேண்டும், அதற்காகச் சேர்ந்து வேலை செய்ய வேண்டும், மேலே இருப்பவர்கள் அதற்குத் துணை நிற்க வேண்டும். நம் நாட்டிலேயே மாட் லோ என்ற பொருளியலாளர் உத்தரப்பிரதேசத்தில் வெவ்வேறு சாதி இளைஞர்களை வைத்து ஒரு கிரிக்கெட் தொடர் நடத்திப் பார்த்திருக்கிறார். ஒரே அணியில் கலந்து ஆடியவர்களிடம் சாதி தாண்டிய நட்பு கூடியது. எதிரணியாக மட்டும் சந்தித்தவர்களிடம் அந்தப் பலன் இல்லை, சில வகையில் நிலைமை மோசமானது.

பி.இ.டி. மாஸ்டரும் நானும் சேர்ந்து அணிகளைச் சீட்டு எடுத்துப் பிரித்தோம். இரண்டு வீட்டிலிருந்து அப்பாக்கள் வந்து கேட்டார்கள். மாஸ்டர் நெஞ்சு நிமிர்த்தி, "இங்க விளையாடணும்னா இப்படித்தான்" என்று சொல்லி அனுப்பினார். அவர் அப்படி நிற்காவிட்டால் ஒரு வாரத்தில் எல்லாம் பழையபடி ஆகியிருக்கும். ரெய்டு போய் அவுட் ஆனவனை மீட்க வேண்டும் என்றால் அவன் எந்தத் தெரு என்று பார்க்க முடியாது. வகுப்பறைக்கு, எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் 1971ல் அமெரிக்காவில் டெக்சாஸின் ஆஸ்டின் நகரில், கறுப்பின, வெள்ளையினப் பிள்ளைகளை ஒரே பள்ளியில் சேர்த்த காலத்தில் உருவாக்கிய முறையைப் பிடித்துக்கொண்டேன். பாடத்தை ஐந்து துண்டாக்கி, குழுவில் ஆளுக்கு ஒன்று. தன் துண்டை அவனவன் படித்து மற்ற நாலு பேருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும். யார் சொல்வதையும் தள்ளிவிட முடியாது, அவனிடம்தான் அந்தத் துண்டு இருக்கிறது. முதல் இரண்டு தடவை ஒரே கூச்சல், பாடமும் ஓடவில்லை. மூன்றாவது தடவை, சிலப்பதிகாரப் பகுதி நடந்தபோது, ஒரு மாணவி பக்கத்தில் இருந்தவனிடம் "இன்னொருக்கா சொல்லுடா, எனக்குப் புரியல" என்று கேட்டது காதில் விழுந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இதெல்லாம் ஒரு டீச்சரின் சின்ன விஷயம்தானே, இரண்டு மார்க்கில் என்ன வந்துவிடப் போகிறது என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். சுக்தேவ் தோராட், பால் அட்டவெல் இருவரும் 2007ல் வெளியிட்ட ஆய்வை அவருக்குச் சொன்னேன். தனியார் நிறுவனங்களின் 548 வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். தகுதி ஒன்றாக இருந்தும், அடுத்த கட்டத்துக்குக் கூப்பிடும் வாய்ப்பு தலித் பெயருக்கு உயர்சாதிப் பெயரைப் போல மூன்றில் இரண்டு பங்குதான், முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. அங்கே கவரைப் பிரித்தவர்களும் என்னைப் போல ஒன்றும் நினைக்காமல்தான் தள்ளி வைத்திருப்பார்கள். பிள்ளை அந்த வாசலுக்குப் போகும் முன்பே என் வகுப்பில் இரண்டிரண்டாக இழந்துகொண்டு வந்தால், கடைசியில் கையில் என்ன மிச்சம்?

வீட்டில் இதைவிடக் கஷ்டம். சொந்தக்காரர்கள் பேச்சில் "அந்த ஆளுங்க எல்லாம் அப்படித்தான்" என்று வரும்போது முன்பு சண்டை பிடிப்பேன். சண்டையில் யாரும் மாறவில்லை, என்னைக் கூப்பிடுவதைத்தான் குறைத்தார்கள். இப்போது ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். "யாரைச் சொல்றீங்க சித்தப்பா? பேர் சொல்லுங்க." பெயர் சொல்ல வேண்டும் என்றதும் பேச்சு கூட்டத்திலிருந்து ஒரு ஆளுக்கு இறங்கிவிடும். "அவரா, அவர் நல்ல மனுசன், நான் அவரைச் சொல்லல" என்பார். எல்லாரிடமும் இது வேலை செய்யாது. அண்ணன் ஒருவர் எழுந்து போய்விட்டார், இன்று வரை சரியாகப் பேசுவதில்லை. அதையும் தாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

டிவைனின் பயிற்சியைப் பிறகு பெரிய அளவில் திரும்பச் செய்து பார்த்தபோது, உள்ளே இருக்கும் சாய்வை அளக்கும் சோதனையில் கிடைத்த மாற்றம் நிற்கவில்லை. ஆனால் பயிற்சி எடுத்தவர்கள் பாரபட்சத்தைக் கவனிப்பதும், அது தப்பு என்று உணர்வதும் கூடியிருந்தது. என் அனுபவமும் இதுதான். உள்ளே இருப்பது போய்விட்டது என்று என்னால் சொல்ல முடியாது. முன்பைவிடச் சீக்கிரம் கையும் களவுமாகப் பிடிக்கிறேன்.

போன மே மாதம் அந்தப் பையனின் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். மகன் தமிழ் எம்.ஏ. முடித்து பி.எட். சேரப் போகிறான், எந்தக் கல்லூரி நல்லது என்று கேட்டுப் போக வந்திருந்தார். கத்திரி வெயில். "தண்ணி குடுங்க டீச்சர்" என்றார். வாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தவரை உள்ளே கூப்பிட்டு நாற்காலியில் உட்காரச் சொன்னேன், கூச்சப்பட்டு வந்து உட்கார்ந்தார். செம்பில் தண்ணீர் கொண்டுவந்தேன். பழக்கத்தில் அவர் இரண்டு கையையும் குவித்து நீட்டினார். என் கை தானாக உயர்ந்தது. ஒரு முழம் உயர்ந்துவிட்டது.

கையைக் கீழே இறக்கி, செம்பை அவர் கையில் வைத்தேன். அவர் என்னைப் பார்த்தார். அப்புறம் அண்ணாந்து, ஒரு சொட்டு சிந்தாமல் குடித்தார். செம்பைத் திருப்பித் தரும்போது, "இன்னும் கொஞ்சம் இருக்கா டீச்சர்?" என்று கேட்டார்.